ஜெர்மன் வகுப்பில் சேர்வதற்கு முன் எதை முடிவு செய்ய வேண்டும்?

கேள்வி: ஜெர்மன் கற்றுக்கொள்ள ஆசை. எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு நாள் ஆகும், எந்த ஆப் நல்லது?

திருச்சியில் மாலை நேர வகுப்பில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். சேர வருகிறவர்களில் பாதிப் பேர் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். ஃபீஸ் வாங்குவதற்கு முன் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாரிடம், எதைப் பற்றி, எப்போது ஜெர்மனில் பேசப் போகிறீர்கள்? இல்லை, பேசவே வேண்டாம், படித்தால் போதும் என்கிறீர்களா? "வெளிநாடு போகணும்", "அங்கே நிறைய வேலை இருக்காம்" என்பதெல்லாம் இதற்குப் பதில் ஆகாது. இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை எந்த வகுப்பு, எந்தப் புத்தகம், எவ்வளவு நாள் என்று யாராலும் உருப்படியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் ஒவ்வொருவர் தேவைக்கும் படிக்க வேண்டிய ஜெர்மனே வேறு.

கல்யாணமாகி, கணவர் ஜெர்மனியில் வேலையில் இருக்க, துணைவர் விசாவுக்காக ஏ1 படிக்க வரும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகளாகப் பிரிப்பார்கள், ஏ1 என்பது ஆரம்ப நிலை. அவருக்கு முதலில் தேவைப்படுவது ஏ1 சான்றிதழ், அவ்வளவுதான். ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் ஜெர்மானிய நிறுவனமான கோதே இன்ஸ்டிட்யூட் கணக்குப்படி ஏ1 வரை வர 80 முதல் 200 பாடவேளை ஆகும், ஒரு பாடவேளை என்பது 45 நிமிடம். ஆனால் கணவர் அங்கே எந்த அனுமதியில் இருக்கிறார் என்று முதலில் கேட்டுவிட வேண்டும், அவரிடம் ப்ளூ கார்டு (உயர்கல்வி, திறன் உள்ள வெளிநாட்டவருக்குத் தரும் வேலை அனுமதி) இருந்தால் மனைவிக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயமே இல்லை. இதை ஒரு போன் காலில் தெரிந்துகொள்ளலாம். அப்புறமும் அவர் ஜெர்மன் படிக்கலாம், படிக்கவும் வேண்டும், ஆனால் பரீட்சைத் தேதியைத் துரத்திக்கொண்டு படிக்க வேண்டியதில்லை. கடை, டாக்டர், பக்கத்து வீடு என்று போன உடனே தேவைப்படுவதை நிதானமாகப் படிக்கலாம்.

சான்றிதழ் தேவைதான் என்றால் பரீட்சையில் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஏ1 பேச்சுத் தேர்வில் முதல் பகுதி சுய அறிமுகம்: பெயர், வயது, நாடு, வசிக்கும் ஊர், தெரிந்த மொழிகள், தொழில், பொழுதுபோக்கு. அது முடிந்ததும் பெயரை எழுத்துக் கூட்டச் சொல்வார்கள், ஒரு எண்ணையும் சொல்லச் சொல்வார்கள். விஜயலட்சுமி என்று பெயர் இருந்தால் வி என்பது ஃபவ், ஜே என்பது யோட், ஒய் என்பது யுப்சிலோன். ஆங்கில எழுத்துகளின் பெயரிலேயே வாய் பழகியவர்கள் இங்கே நிச்சயம் தடுமாறுவார்கள். எண்ணும் அப்படித்தான், இருபத்தொன்று என்பதை அவர்கள் ஒன்றும் இருபதும் என்று திருப்பிச் சொல்வார்கள், போன் நம்பரை இரண்டிரண்டாகச் சொன்னால் கேட்டு எழுதும்போது கை முந்திக்கொண்டு தப்பாக எழுதும். ஏ1 நோக்கம் உள்ளவர் இந்த இரண்டையும் தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினாலே பாதி பயம் போய்விடும்.

இதே வகுப்பில் பக்கத்து பெஞ்சில் பி.எஸ்சி நர்சிங் முடித்தவர் உட்கார்ந்திருப்பார். அவர் பாதை முற்றிலும் வேறு. நர்ஸாக அங்கே அங்கீகாரம் பெற்று வேலை பார்க்க பெரும்பாலும் பி2 வரை போக வேண்டும், அதாவது சுமார் 600 முதல் 800 பாடவேளை. "ஆறு மாசத்துல முடிச்சுடலாம்" என்று யாராவது சொன்னால் அந்த எண்ணை நாள் கணக்காக நீங்களே வகுத்துப் பாருங்கள், நைட் டியூட்டி பார்த்துக்கொண்டு அது நடக்குமா என்று தெரிந்துவிடும். அங்கே வார்டில் நடப்பது என்ன? ஷிப்ட் மாறும்போது நோயாளி ஒவ்வொருவரைப் பற்றியும் அடுத்தவரிடம் சொல்லி ஒப்படைக்க வேண்டும், அதற்கு ஊபர்காபே என்று பெயர். வேகமாகச் சொல்வார்கள், கேட்டுப் புரிந்துகொண்டே ஆக வேண்டும். எண்பது வயதுப் பாட்டி தலை சுற்றுகிறது என்பதற்கு "மிர் இஸ்ட் ஷ்விண்டலிக்" என்று சொல்லும்போது அது புரியாமல் போனால் அந்தப் பாட்டி எழுந்து நடந்து விழக்கூடும். அதனால் நர்சிங்குக்காகப் படிக்கிறவர் முதல் மாதத்திலிருந்தே காதைப் பழக்க வேண்டும், உடம்பு, வலி, மருந்து, அளவு, நேரம் ஆகிய சொற்களைத் தனி நோட்டில் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எழுத்தில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, கேட்டல் பகுதியில் விழுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும், புத்தகத்தை மட்டும் பார்த்தே படித்ததன் விளைவு அது. நல்ல வேளையாக கோதே பி1, பி2 தேர்வுகளில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும், விட்டதை மட்டும் திரும்ப எழுதலாம்.

ஐடியில் இருப்பவர்களுக்கு ப்ளூ கார்டு வாங்க ஜெர்மன் கட்டாயமில்லை, ஆபீஸிலும் பெரும்பாலும் ஆங்கிலமே ஓடும். ஆனால் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு, ப்ளூ கார்டில் வேலை பார்த்திருக்க வேண்டிய காலம் ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதம், பி1 இருந்தால் 21 மாதம் என்று சட்டம் இருக்கிறது. அங்கேயே தங்குவதா, மூன்று வருடத்தில் திரும்பிவிடுவதா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தவருக்குத்தான் இந்த ஆறு மாத வித்தியாசத்துக்காக உழைக்கலாமா என்று தெரியும்.

அப்புறம் இன்னொரு வகை உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வகை. தரங்கம்பாடி வரலாற்றில் ஆய்வு செய்ய வந்தவர்கள். 1706-ல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதி அனுப்பியவை ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிராங்கே அறக்கட்டளையின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, நம் ஊர் மனிதர்களைப் பற்றிய எத்தனையோ செய்திகள் அவற்றில் உண்டு. அதைப் படிக்க ஆசைப்படுகிறவருக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கேட்கும் உரையாடல் எதற்கு? அவர் இலக்கணத்தை நேராகப் பிடித்து, வாசிப்பை மட்டும் வளர்த்து, பழைய ஃபிராக்டூர் அச்செழுத்தையும் கூர்ரெண்ட் கையெழுத்தையும் பழக வேண்டும். சாதாரண வகுப்பில் இந்த இரண்டையும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். இப்படி வருகிறவரை நானே வகுப்பில் சேர்ப்பதில்லை, தனியாக உட்கார்ந்து படிக்கும் வழியைச் சொல்லி அனுப்புகிறேன்.

இதில் எதுவுமே இல்லை, மொழி பிடித்திருக்கிறது, அதனால் படிக்கிறேன் என்றாலும் சரி, அதுவும் முழுமையான நோக்கம்தான், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அப்போது பரீட்சையையும் லெவலையும் மறந்துவிட்டு, கால்பந்து வர்ணனையோ சமையல் வீடியோவோ உங்களுக்குப் பிடித்த ஒன்றைப் புரிந்துகொள்வதை இலக்காக வையுங்கள்.

இன்னும் தெளிவு வரவில்லை என்றால் பணம் கட்டும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். நீங்கள் போக நினைக்கும் வேலையிலோ படிப்பிலோ இப்போது அங்கே இருக்கும் ஒருவரிடம் பேசி, நேற்று அவர் எங்கெங்கே ஜெர்மன் பேச வேண்டி வந்தது என்று கேளுங்கள். பொதுவாக எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும், நேற்று என்ன நடந்தது என்று கேட்டால்தான் விவரம் வரும். இரண்டாவது, கோதே இணையதளத்தில் மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, உங்களுக்குத் தேவைப்படும் லெவலின் தாளை இப்போதே திறந்து பாருங்கள், ஒலிப்பதிவையும் கேளுங்கள். ஒரு வார்த்தையும் புரியாது, பரவாயில்லை. எதை நோக்கிப் போகிறோம் என்று கண்ணும் காதும் ஒரு தடவை பார்த்துவிடும். சான்றிதழைப் பல வருடம் முன்கூட்டியே வாங்கி வைப்பதும் வேண்டாம், பழையதை ஏற்காத இடங்கள் உண்டு. விண்ணப்பிக்கும் மாதத்தை முதலில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வகுப்பில் சேருங்கள்.

ஆப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொற்களை மனப்பாடம் செய்ய எந்த ஆப்பும் உதவும், ஜெர்மன் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டேர், டீ, தஸ் என்ற பால் குறியோடு சேர்த்துச் சொல்லித்தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏ1-க்கா, வார்டுக்கா, ஹாலேவுக்கா என்று சொன்னால் எந்தப் புத்தகம் என்று தனியாக எழுதுகிறேன்.