பழைய பேஸ் கிட்டார்: அசலா, ஒட்டுப்போட்டதா?

கானமேளா சீசன் முடிந்து ட்ரூப்காரர்கள் பழைய சாமான்களை விற்கத் தொடங்கியதும், வாளையாறு முதல் களியக்காவிளை வரை எல்லையின் இரண்டு பக்கமிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். ஆன்லைனில் ஒரு விளம்பரம், நாலு போட்டோ, "ஒரிஜினல் விண்டேஜ்" என்று ஒரு வரி. நம்பலாமா? அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சர்ச் கொயரில் பேஸ் வாசிக்கிறேன் சார். 1966 ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ் ஒன்று ஒன்றேகால் லட்சத்துக்கு வந்திருக்கிறது. நெக் பிளேட் நம்பரைத் தேடிப் பார்த்தேன், 1966 என்றுதான் வருகிறது. வாங்கலாமா?
(களியக்காவிளை)

நம்பர் சரியாக இருப்பதால் கிட்டாரும் சரியாகிவிடாது. கழுத்துப் பகுதியான நெக்கைப் பாடியோடு பிடிக்கும் அந்த பிளேட் நாலு ஸ்குரூவில் நிற்கிறது. கழற்றி எந்த பாடியிலும் மாட்டலாம். பழைய பிளேட்டைத் தனியாக விற்பவர்கள் உண்டு, எண் அடித்த போலி பிளேட்டும் கிடைக்கிறது. போதாததற்கு, ஃபெண்டர் தொழிற்சாலையிலேயே பிளேட்டுகளை எண் வரிசைப்படி எடுத்து மாட்டவில்லை. அதனால் அசல் கிட்டாரிலும் ஓரிரு வருடம் முன்பின் இருக்கும். 1966 என்றால் பிளேட்டில் பெரிய 'எஃப்' எழுத்தும் ஆறு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மேலே பேசவே வேண்டாம். இருந்தால், இப்போதுதான் வேலை ஆரம்பம்.

விற்பவரிடம் இரண்டு போட்டோ கேளுங்கள். ஒன்று, நெக்கைக் கழற்றி அதன் அடிப்பாகம். அந்தக் காலத்து நெக்கில் அங்கே மையால் முத்திரை குத்தியிருப்பார்கள்: நடுவில் மாதமும் வருடமும், முன்னால் ஒரு எண், பின்னால் ஒரு எழுத்து. முன்னால் இருக்கும் எண்ணைத் தேதி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது மாடல் குறியீடு. கடைசி எழுத்து நட்டின், அதாவது நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பட்டையின், அகலம்: 'ஏ' என்றால் ஒன்றரை அங்குலம், 'பி' ஒன்றே ஐந்தெட்டு, 'சி' ஒன்றே முக்கால். அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். முத்திரை ஒன்று சொல்லி, ஸ்கேல் வேறொன்று சொன்னால் அந்த முத்திரை பிறகு குத்தியது.

இரண்டாவது, பாடி மேலிருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றி வால்யூம், டோன் திருகிகளான பாட்களின் முதுகு. அங்கே ஆறு அல்லது ஏழு இலக்கம் பொறித்திருக்கும். 3046620 என்று இருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் கம்பெனி, 66 வருடம், 20 அந்த வருடத்தின் இருபதாவது வாரம். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். கம்பெனி. பாட் செய்த தேதிக்கு முன்னால் கிட்டார் செய்திருக்க முடியாது, அவ்வளவுதான் அது சொல்லும். 1966-ல் ஃபெண்டர் பாட்களை மொத்தமாக வாங்கிப் போட்டதால், 68-ஆம் வருடத்து கிட்டாரிலும் 66 பாட் இருக்கும். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஆனால் 66 நெக்கோடு 74 பாட் வந்தால், யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

பாட்டின் முதுகில் ஈயத்தையும் பாருங்கள். தொழிற்சாலையில் வைத்த ஈயம் ஒரே சூட்டில் உருகி, மங்கிப்போய் அப்படியே கிடக்கும். பிறகு கை வைத்த இடத்தில் ஈயம் மேட்டின் மேல் மேடாக, பளபளப்பாக நிற்கும், பக்கத்தில் ஈயம் பிடிக்கப் போடும் ஃப்ளக்ஸ் பழுப்பாகப் படிந்திருக்கும். பாட் மாற்றியதற்காக மட்டும் ஒரு கிட்டாரைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் விலை குறைய வேண்டும்.

விலை என்றதும் சொல்கிறேன். முழுக்க அசலான 66 பிரெசிஷன் அமெரிக்காவில் பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. அதை ஒன்றேகால் லட்சத்துக்குத் தருகிறவர் ஒன்று விவரமே தெரியாதவர், இல்லை நன்றாகத் தெரிந்தவர்.

1977 பிரெசிஷன் பேஸ், "மூணு போல்ட் நெக்" என்று போட்டிருக்கிறார்கள்.
(செங்கோட்டை)

விட்டுவிடுங்கள். மூன்று போல்ட் நெக் 70-களின் நடுவில் ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸுக்கு வந்தது. பிரெசிஷன் அப்போதும் நாலு போல்ட்தான். தவிர, 1976-லிருந்து சீரியல் நம்பர் நெக்கின் தலைப்பாகமான ஹெட்ஸ்டாக்குக்குப் போய்விட்டது. 77 பிளேட்டில் நம்பர் இருந்தாலே சந்தேகம்.

அண்ணா, தேய்மானத்தைப் பார்த்து வயசு சொல்ல முடியுமா? கொல்லங்கோடு பக்கம் கடலோரத்தில் இருந்த கிட்டார் என்கிறார். எல்லா ஸ்குரூவும் துருப்பிடித்திருக்கிறது.
(பாறசாலை)

"எல்லா ஸ்குரூவும்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. உப்புக்காற்று எல்லாவற்றையும் ஒரே அளவில் அரிக்காது. வியர்வை படும் பிரிட்ஜ் சேடில், அதாவது பாடிப் பக்கம் கம்பி உட்காரும் துண்டு, முதலில் போகும். பாடிக்குள் இறங்கிய நெக் ஸ்குரூவின் தண்டு கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். தலையும் தண்டும் ஒரே மாதிரி துருப்பிடித்திருந்தால், ஆசிட் டப்பாவில் ஊறியது.

பெயின்டுக்கும் இதே கதை. 60-களின் கடைசி வரை ஃபெண்டர் அடித்தது நைட்ரோ லேக்கர். வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டால் பாடி முழுக்க மெல்லிய கோடுகளாக வெடிக்கும். அதன் பிறகு வந்தது தடித்த பாலியெஸ்டர். அது அப்படிக் கோடு விடாது, அடிபட்ட இடத்தில் சில்லாகப் பெயரும். "75 ஜாஸ் பேஸ்" என்று சொல்லிப் பாடியில் நைட்ரோ போலக் கோடு கோடாகக் காட்டினால், யாரோ பிளேடு வைத்துக் கீறியிருக்கிறார்கள், இல்லை மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அசல் பெயின்ட் போனால் சந்தை மதிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

நேரில் போவதாக இருந்தால், கள்ளநோட்டு பார்க்கும் ஊதா லைட் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள், கடையில் சல்லிசாகக் கிடைக்கும். இருட்டறையில் அடித்தால் பழைய நைட்ரோ பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பிறகு தொட்டுப் பூசிய இடம் கறுத்துத் திட்டாகத் தனியே தெரியும்.

இன்னொன்று, துளைகள். 60-களின் ஃபெண்டர் பேஸில் பிரிட்ஜ் மேலும், கம்பியின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப் மேலும் குரோம் கவர் இருந்தது. வாசிப்பவர்கள் கழற்றி வீசியிருப்பார்கள், ஆனால் ஸ்குரூ துளை எங்கே போகும்? கைவிரல் பிடிக்கிற அந்தச் சின்னக் கட்டையும் 1974 வாக்கில்தான் தடித்த கம்பிப் பக்கம் மாறியது. அதற்கு முன் 'ஜி' கம்பிக்குக் கீழே இருந்தது. 65 என்று சொல்லும் பாடியில் அந்தத் துளைகளே இல்லையென்றால், பெயின்ட் எவ்வளவு அழகாகத் தேய்ந்திருந்தாலும் எனக்கு அக்கறையில்லை.

"மேட் இன் ஜப்பான்" என்றிருக்கிறது. அப்போ டூப்ளிகேட்தானே?
(கொழிஞ்சாம்பாறை)

இல்லை தம்பி. ஃபெண்டர் ஜப்பான் 1982-ல் அதிகாரபூர்வமாகத் தொடங்கிய கம்பெனி. ஃபுஜிஜென் தொழிற்சாலையில் செய்தார்கள். 'ஜே.வி.' என்று நம்பர் தொடங்கும் 82-84 கிட்டார்களைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் நடக்கும் தில்லுமுல்லு வேறு: ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்கொயரின் லோகோவைச் சுரண்டிவிட்டு ஃபெண்டர் டிகால் ஒட்டுவது. ஹெட்ஸ்டாக்கைச் சாய்வான வெளிச்சத்தில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், சுரண்டிய இடம் பள்ளமாகத் தெரியும்.

அண்ணே, ரிக்கன்பேக்கர் 4001, 1973 என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?
(குமுளி)

வயர் செருகும் இடத்திலுள்ள ஜாக் பிளேட்டைப் பாருங்கள். முதல் எழுத்து வருடம், 'ஏ' 1961-ல் தொடங்குகிறது; இரண்டாவது மாதம். 73 என்றால் 'எம்'மில் தொடங்க வேண்டும். 'எம்ஜி' என்றால் 73 ஜூலை. பிறகு கிட்டாரைத் திருப்புங்கள். 4001-ல் நெக் பாடிக்குள் ஓடி முடிவு வரை போகும். பின்னால் நாலு ஸ்குரூ இருந்தால், அது காப்பி, பெரும்பாலும் 70-களில் ஜப்பானில் செய்தது. அவற்றிலும் நல்லவை உண்டு, அந்த விலைக்கு வாங்கலாம்.

மச்சான் அமெரிக்காவிலிருந்து 1963 ஜாஸ் பேஸ் ஒன்றை வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். கஸ்டம்ஸில் பிரச்சினை வருமா?
(பாலக்காடு)

வரியைவிட மரத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். 60-களின் நடுப்பகுதி வரை ஃபெண்டர் போட்ட ஃபிங்கர்போர்டு பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அது, அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, பெர்மிட் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. அனுப்பும் நாட்டில் அந்தத் தாள் வாங்கினால்தான் உண்டு. நம் மலைக்காட்டு ஈட்டி மரமும் ரோஸ்வுட் குடும்பம்தான். ஆனால் அதில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் பெர்மிட்டிலிருந்து விலக்கு வந்துவிட்டது. 63 அசல் என்று சொல்லி, "பெர்மிட்டெல்லாம் வேண்டாம், இந்திய மரம்தான்" என்றும் அந்த அமெரிக்க விற்பனையாளர் சொன்னால், இரண்டில் ஒன்று பொய்.

விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம், திடீர் மாற்றலாம். பாதிப் பணம் அனுப்பினால் பார்சல் போடுவதாகச் சொல்கிறார்.
(மீனாட்சிபுரம்)

அனுப்பாதீர்கள். ராணுவ அடையாள அட்டை போட்டோவும் "மாற்றல்" கதையும் அரதப் பழைய மோசடி. இன்றைய தேதியைத் தாளில் எழுதி கம்பிக்குள் செருகி, வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் பணம் திரும்பி வர உங்களையே க்யூஆர் ஸ்கேன் பண்ணச் சொன்னால் போனை வையுங்கள். ஏற்கனவே அனுப்பிவிட்டிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், தாமதித்தால் பணம் கை மாறிவிடும்.

ஹெட்ஸ்டாக்கில் "கிவ்சன்" என்று இருக்கிறது. கிப்சன் என்பதைப் பழைய காலத்தில் இப்படி எழுதுவார்கள் என்கிறார் கடைக்காரர்.
(புளியரை)

கிவ்சன் கொல்கத்தா கம்பெனி. கடைக்காரரிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.