கடல் தெரியும் ஜன்னலுக்குக் கூடுதல் வாடகை கொடுக்கலாமா?

கேள்வி: வேலைக்காக நகரத்தின் கடலோரப் பகுதியில் ஒரு ஸ்டுடியோ வீடு, அதாவது சமையலும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் வீடு, தேடுகிறேன். தனி ஆள்தான். ஒரே கட்டிடத்தில் இரண்டு வீடுகள் காலியாக இருக்கின்றன. ஒன்று கடலைப் பார்த்தது, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. இன்னொன்று பின்பக்கம், ஒரு சந்துப் பக்கம் பார்த்தது. வாடகையில் கால்வாசி குறைவு. ஒரு வருட ஒப்பந்தம். மனசு கடல் பக்கமே இழுக்கிறது. எடுக்கலாமா?

பதில்: எந்த நேரத்தில் போய்ப் பார்த்தீர்கள்? வார நாளில், பகலில் என்றால் பாதி வீட்டைத்தான் பார்த்திருக்கிறீர்கள். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒரு தடவை அந்தக் கட்டிடத்துக்குக் கீழே போய் நில்லுங்கள். உணவகங்களின் பாட்டு, உலாவ வந்தவர்களின் கூச்சல், நிறுத்த இடம் தேடிச் சுற்றுகிற கார்கள் எல்லாம் அப்போதுதான் தெரியும். இரண்டு அறை வீடாக இருந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஸ்டுடியோவில் தப்பிக்க இருக்கிற ஒரே இடம் குளியலறைதான்.

அடுத்தது உப்புக் காற்று. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் இரும்பு காயவே காயாது, வேகமாகத் துருப்பிடிக்கும். ஜன்னல் கீல், பால்கனிக் கம்பி, ஏசியின் வெளி யூனிட் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். பால்கனித் தளத்தின் அடிப்பக்கத்தையும் அண்ணாந்து பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருத்து, கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். பழுப்புக் கோடும் விரிசலும் தெரிந்தால் அது பூச்சு வேலையால் தீருகிற பிரச்சினை இல்லை.

துணி அலமாரியைத் திறந்து மூக்கை உள்ளே விடுங்கள். ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நானும் ஒரு காலத்தில் கடலைப் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போட்டவன்தான். முதல் மழைக்காலத்திலேயே பெட்டியில் வைத்திருந்த தோல் செருப்பு பச்சையாகப் பூத்துவிட்டது. ஸ்டுடியோவில் சமையல், குளியல், துணி காயப்போடுவது எல்லாம் ஒரே காற்றில் நடக்கிறது. வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதை அளக்கும் சின்னக் கருவி அதிக விலை இல்லை, போகும்போது எடுத்துப் போங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது வகை என்றால் தாளித்த வாசனை தலையணைக்கு வந்துவிடும்.

கண்ணாடிச் சுவர் மேற்குப் பார்த்ததா? அப்படியானால் பிற்பகல் வெயிலுக்குத் திரையை இழுத்துவிட்டு ஏசி போட வேண்டிவரும். கடல் தெரியாது, மின்கட்டணம் மட்டும் தெரியும். கண்ணாடியில் அலமாரியைச் சாய்த்து வைக்கவும் முடியாது. அளவு நாடாவோடு போய், கட்டிலும் மேசையும் எங்கே வரும் என்று அளந்து பாருங்கள். எதிரே காலிமனை இருந்தால் நாளைக்கே அங்கே கட்டிடம் எழும்பலாம். அதற்காக வாடகையைக் குறைக்க மாட்டார்கள்.

வெள்ளம் மாடிக்கு ஏறாது, சரி. மின்பலகையும் தண்ணீர் மோட்டாரும் அடித்தளத்தில் இருந்தால்? மேலே இருப்பவர்களுக்கும் லிஃப்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. இந்தக் கேள்வி இரண்டு வீட்டுக்கும் பொது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், வெளிச்சமும் காற்றும் ஓரளவு வருகிறது என்றால் பின்பக்க வீட்டையே எடுப்பேன். கடல் எங்கும் போகாது. லிஃப்டில் இறங்கினால் அங்கேயே இருக்கும்.

கேள்வி: சுவரில் பூஞ்சை வந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்களா?

பதில்: முயற்சி செய்வார்கள். சாவி வாங்கிய அன்றே சாமான் ஏற்றுவதற்கு முன் சுவர், கூரை, ஜன்னல் ஓரம், அலமாரியின் உட்புறம் எல்லாவற்றையும் படம் எடுத்து, உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். வெளியிலிருந்து வரும் கசிவுக்கும் துருவுக்கும் அவர் பொறுப்பு, அறையைக் காற்றோட்டமாக வைப்பது உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் படியும் உப்பை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைப்பது என்பதையும் அதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.