காந்த இரும்பு ஆக்சைடு நானோ கலப்புப் பொருளை எப்படித் தயாரிப்பது, அது உண்மையில் எதற்குப் பயன்படுகிறது?

பெர்ரஸ், பெர்ரிக் உப்புகளை அம்மோனியா சேர்த்து வீழ்படிவாக்கி, கழுவி, உலரடுப்பில் உலர்த்திக் கருப்புத் தூள் எடுத்துவிட்டதாகவும், அதைக் காந்தம் நன்றாக ஈர்த்தாலும் நீரில் போட்டால் சில நிமிடங்களில் அடியில் படிந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதிலிருந்து நானோ கலப்புப் பொருளை எப்படிச் செய்வது, செய்தால் என்ன பயன் என்பது உங்கள் கேள்வி. இந்தப் பொருள்களோடு ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உங்கள் வேதிவினையில் குறை ஒன்றும் இல்லை. குறை, உறை போடுவதற்கு முன்பே அதை உலர்த்தியதில் இருக்கிறது.

கலப்புப் பொருள் ஏன் வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிட்டால் செய்முறையின் ஒவ்வொரு படியும் தானே விளங்கும். மேக்னடைட், அதாவது நீங்கள் எடுத்த கருப்பு இரும்பு ஆக்சைடு, அதன் துகளின் விட்டம் ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குக் கீழே இறங்கும்போது, அறை வெப்பநிலையிலேயே வெப்ப அதிர்வு அதன் காந்தத் திசையை ஓயாமல் புரட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து ஒரு காந்தத்தைக் கொண்டுவந்தால் எல்லாத் துகள்களும் ஒரே திசையில் அணிவகுக்கும். காந்தத்தை விலக்கியவுடன் நிகரக் காந்தத்தன்மை பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். இதற்கு மீபாராகாந்தத்தன்மை என்று பெயர். காந்தத்தை எடுத்த பிறகும் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கட்டியாகாமல் இருப்பது இந்தப் பண்பால்தான். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு துகளைக் காந்தம் இழுக்கும் விசை அதன் பருமனளவைப் பொறுத்தது. 10 நானோமீட்டர் துகளின் பருமனளவு, 1 மைக்ரோமீட்டர் மணியின் பருமனளவில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஆகவே சிறிய துகள் காந்தத்தன்மையைத் தேக்கி வைக்காது, ஆனால் அதை எளிதில் இழுக்க முடியாது. பெரிய துகளை எளிதில் இழுக்கலாம், ஆனால் அது காந்தமாகவே நின்று கட்டிகட்டியாகிவிடும். ஆயிரக்கணக்கான சிறிய துகள்களைச் சிலிகா அல்லது பலபடி போன்ற காந்தத்தன்மையற்ற ஒரு பொருளுக்குள் ஒன்றாகப் பொதிந்து வைத்தால் இரண்டு நன்மைகளும் ஒருசேரக் கிடைக்கின்றன. நானோ கலப்புப் பொருள் என்ற எண்ணத்தின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து. உறை ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்பதும், அதன் மேல் வேறு மூலக்கூறுகளைப் பிணைக்கலாம் என்பதும் அடுத்தபடியாக வருகிற நன்மைகள்.

இனி தயாரிப்பு. நீங்கள் பின்பற்றியது 1981இல் பிரான்சைச் சேர்ந்த ரெனே மசார் வெளியிட்ட இணை வீழ்படிவாக்கல் முறை. இன்றும் பெரும்பாலான ஆய்வகங்கள் இதையே செய்கின்றன. ஒரு பங்கு பெர்ரஸ் அயனிக்கு இரண்டு பங்கு பெர்ரிக் அயனி இருக்க வேண்டும். நான் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு, 5.4 கிராம் பெர்ரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டும் 2 கிராம் பெர்ரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட்டும். இவற்றை நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜன் நீக்கிய 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, 70 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, வேகமாகக் கலக்கிக்கொண்டே 25 சதவீத அம்மோனியாக் கரைசல் 20 மில்லிலிட்டரை ஊற்றுவேன். மஞ்சள் கலந்த பழுப்புக் கரைசல் கண் இமைப்பதற்குள் மையைப் போலக் கருத்துவிடும். காரகாடித்தன்மை மதிப்பு (pH) 10ஐ ஒட்டி இருந்தால் போதும். கணக்குப்படி 2.3 கிராம் மேக்னடைட் கிடைக்க வேண்டும். துகள்களின் விட்டம் பெரும்பாலும் 8 முதல் 15 நானோமீட்டருக்குள் இருக்கும். எல்லாத் துகள்களும் ஒரே அளவில் வேண்டுமென்றால் இரும்பு ஒலியேட்டை ஆக்டடெசீன் போன்ற கொதிநிலை மிகுந்த கரைப்பானில் 320 பாகை வரை சூடாக்கிச் சிதைக்கும் முறை இருக்கிறது. அதில் கிடைக்கும் துகள்கள் அளவில் அச்சில் வார்த்தவை போல இருக்கும் என்றாலும் நீரில் பரவாது, அவற்றை நீருக்குக் கொண்டுவருவது தனி வேலை. உங்கள் நோக்கத்துக்கு அது தேவைப்படாது.

பாடநூல்களில் அதிகம் காணாத இரண்டு நுணுக்கங்களை மட்டும் சொல்கிறேன். முதலாவது, இதற்குக் காந்தக் கலக்கியைப் பயன்படுத்தாதீர்கள். உருவாகிற துகள்களில் பெரும்பங்கு கலக்கியின் காந்தக் கம்பியிலேயே முள்ளம்பன்றி போல ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து சுழலும் இயந்திரக் கலக்கிதான் வேண்டும். இரண்டாவது, கழுவும்போது நடப்பது. பீக்கரின் அடியில் வலுவான நியோடிமியக் காந்தத்தை வைத்தால் கருப்பு முழுவதும் கீழே இறங்கி, மேல்நீர் தெளிந்துவிடும். அதை வடித்துவிட்டுப் புதிய நீர் ஊற்றுவீர்கள். இரண்டு மூன்று முறை கழுவிய பிறகு மேல்நீர் முன்போல் தெளியாமல் பழுப்பாகவே நிற்கத் தொடங்கும். முதன்முறை செய்பவர்கள் ஏதோ கெட்டுவிட்டது என்று அந்த நீரைக் கொட்டிவிடுகிறார்கள். உண்மையில் உப்பு குறையக் குறையத் துகள்களுக்கிடையே மின்விலக்கு வலுப்பெற்று அவை தனித்தனியாகப் பிரிந்து மிதக்கின்றன. கீழே கொட்டப்படுவதுதான் அந்தத் தொகுப்பிலேயே மிக நுண்ணிய பகுதி.

உலர்த்துவதைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. நான் முதலில் செய்த தொகுப்பை 100 பாகை உலரடுப்பில் இரவு முழுவதும் வைத்திருந்தேன். காலையில் எடுத்தபோது மேற்பரப்பு கருமை மாறிச் செம்பழுப்பாகவும், அடிப்பகுதி கரி ஓடு போல வெடித்தும் கிடந்தது. கல்வத்தில் இட்டு அரைத்தேன். மீயொலியில் ஒரு மணி நேரம் வைத்தேன். எத்தனை செய்தும் நீரில் இட்ட தூள் ஐந்து நிமிடத்தில் அடியில் உட்கார்ந்தது. நீர் ஆவியாகும்போது துகள்கள் தந்துகி விசையால் நெருக்கப்படுகின்றன. அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை இழந்து, ஒரு துகளுக்கும் அடுத்த துகளுக்கும் இடையே இரும்பு, ஆக்சிஜன் பாலம் உண்டாகிறது. இந்தப் பாலத்தை மீயொலியால் முழுமையாக உடைக்க முடிவதில்லை. 10 நானோமீட்டர் துகளாக இருக்கும்போது ஒரு கிராமுக்குச் சுமார் 115 சதுர மீட்டர் மேற்பரப்பு உண்டு என்பதை எளிய கணக்கால் காணலாம். உலர்ந்து கட்டியானால் அதில் பெரும்பகுதி உள்ளே அடைபட்டுவிடும். அன்றிலிருந்து உறை போட்டு முடிக்கும்வரை துகள்களை ஈரத்திலேயே வைத்திருப்பதை ஒரு விதியாகக் கொண்டிருக்கிறேன்.

உறைக்குச் சிலிகாவையே முதலில் பரிந்துரைப்பேன். வெற்று மேக்னடைட்டின் மேற்பரப்பு மின்சுமை, காரகாடித்தன்மை மதிப்பு 7ஐ ஒட்டிப் பூச்சியமாகிவிடுகிறது. அதனால்தான் சாதாரண நீரில் அது நிற்பதில்லை. சிலிகாவுக்கு அந்தப் புள்ளி 2 முதல் 3 வரை இருப்பதால், நடுநிலை நீரில் அது வலுவான எதிர்மின்சுமையோடு துகள்களை ஒன்றுக்கொன்று விலக்கி வைக்கும். கழுவிய ஈரத் துகள்களை முதலில் சிட்ரிக் அமிலக் கரைசலில் 80 பாகையில் ஒரு மணி நேரம் கலக்கி, அதிகப்படியான அமிலத்தைக் கழுவி நீக்குங்கள். பிறகு நான்கு பங்கு எத்தனாலும் ஒரு பங்கு நீரும் கலந்த கரைசலில் அவற்றைப் பரப்பி, சிறிது அம்மோனியா சேர்த்து, சிலிகாவைத் தரும் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓர் இரவு கலக்குங்கள். 1968இல் ஸ்டோபரும் அவருடைய கூட்டாளிகளும் சிலிகாக் கோளங்கள் செய்யக் கையாண்ட வினைதான் இது. இங்கே துகளே கருவாக நிற்பதால் சிலிகா அதன் மேல் படிகிறது. அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் சிலிகா தனிக் கோளங்களாக உருவாகிவிடும். காந்தத்தை வைத்த பிறகும் மேல்நீர் பால் போல் வெளுத்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது என்று பொருள். இந்த உறையின் மேல் அமினோபுரோப்பைல் ட்ரைஎத்தாக்சி சிலேனை வினைபுரியச் செய்தால் அமின் தொகுதிகள் கிடைக்கும். அவற்றோடு புரதங்களையோ எதிர்ப்பொருள்களையோ பிணைக்கலாம்.

உறை தடித்தால் நல்லது என்று எண்ண வேண்டாம். பெருந்திரள் மேக்னடைட்டின் தெவிட்டிய காந்தமாக்கம், அதாவது அது எட்டக்கூடிய உச்சக் காந்தத்தன்மை, கிராமுக்குச் சுமார் 92 ஈ.எம்.யு. (காந்தத்தன்மையின் அலகு); நானோ துகளில் அது பெரும்பாலும் 50 முதல் 70 வரை குறைந்துவிடுகிறது. எடையில் பாதி சிலிகாவானால் இதுவும் பாதியாகும். பண்பறிதலில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. எக்ஸ் கதிர் விளிம்புவிளைவுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் பொருள் மேக்னடைட்தான் என்று அறிக்கையில் எழுதாதீர்கள். மேக்னடைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாகும் மேக்கமைட்டும் அதே ஸ்பைனல் வகைப் படிக அமைப்பு கொண்டது என்பதால், சிறிய துகள்களின் அகன்ற முகடுகளில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். இரும்பு அணுக்கருக்கள் காமா கதிரை உறிஞ்சுவதை அளக்கும் மாஸ்பவர் நிறமாலை இருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். பெரும்பாலான பயன்பாடுகளுக்கு இரண்டில் எது இருந்தாலும் காரியம் நடக்கும், ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக எழுதக் கூடாது.

பயன்களில் மிக உறுதியாக நிலைபெற்றது மரபணுப் பொருளைப் பிரித்தெடுப்பது. குவானிடினியம் தயோசயனேட் போன்ற உப்பு செறிந்த கரைசலில் டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் சிலிகாவில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும், உப்புக் குறைந்த நீரில் விடுபடும் என்பதையும் கொண்டு பூம் குழுவினர் 1990இல் ஒரு பிரித்தெடுப்பு முறையை வெளியிட்டனர். அந்தச் சிலிகாவுக்குள் இரும்பு ஆக்சைடு இருந்தால் மையவிலக்கி தேவையில்லை; குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்து, திரவத்தை உறிஞ்சி மாற்றினால் போதும். கொரோனா பரவிய காலத்தில் தானியங்கி இயந்திரங்கள் ஒரே நேரத்தில் 96 மாதிரிகளிலிருந்து ஆர்என்ஏவை எடுக்க முடிந்தது இந்த மணிகளால்தான். நார்வேயில் ஜான் உகெல்ஸ்டாட் உருவாக்கிய ஒரே அளவான பாலிஸ்டைரீன் மணிகளின் துளைகளுக்குள் இரும்பு ஆக்சைடை நிரப்பியதிலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம், செல்களைப் பிரிப்பதற்கும் நோய்க்குறி சோதனைகளுக்கும் இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

நீரைத் தூய்மைப்படுத்துவதில் ஆர்வம் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆர்சனிக் அயனிகள் இரும்பு ஆக்சைடின் மேற்பரப்போடு வலுவாகப் பிணைகின்றன. 12 நானோமீட்டர் அளவிலான மேக்னடைட் துகள்களையும் குறைந்த காந்தப் புலத்தாலேயே நீரிலிருந்து பிரிக்க முடியும் என்பதை ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2006இல் காட்டியது. குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு என்பதால், இந்த வேலையின் முக்கியத்துவம் பெரிது. ஆனால் ஆய்வகத்தில் வடிநீரில் ஆர்சனிக்கைக் கரைத்துச் செய்த சோதனை, நிலத்தடி நீரில் அப்படியே பலிக்காது. அங்குள்ள பாஸ்பேட்டும் சிலிகேட்டும் அதே இடங்களுக்குப் போட்டியிடும். மேலும் அந்த ஆர்சனிக்கைச் சுமந்த துகளை எங்கே, எப்படிப் பத்திரமாக வைப்பது என்பதற்கும் விடை வேண்டும். இந்தக் கேள்வியைத் தொடாமல் முடிந்துபோகிற ஆய்வுகள் மிக அதிகம் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

மருத்துவத்தில் பெருமாக்சிடால் என்ற, கார்போஹைட்ரேட் வகை உறை கொண்ட இரும்பு ஆக்சைடு, நீடித்த சிறுநீரக நோயாளிகளின் இரும்புச்சத்துக் குறைபாட்டுக்காக 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைக் காந்த அதிர்வுப் படமெடுப்பில் நிறவேறுபாட்டுப் பொருளாகவும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். மாறுதிசைக் காந்தப் புலத்தில் துகள்களைச் சூடாக்கிப் புற்றுக்கட்டியை அழிக்கும் முறை மூளைக் கட்டிகளில் சிகிச்சையாகவே கையாளப்பட்டிருக்கிறது. மருந்தை ஏற்றிய துகளை உடலுக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்து உள்ளுறுப்புக்கு இழுத்துச் செல்லலாம் என்பதை மட்டும் நான் எளிதில் நம்ப மாட்டேன். காந்தத்திலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளிப் போனாலே, துகளை இழுக்கும் புலச்சரிவு (தொலைவோடு காந்தப் புலம் மாறும் வீதம்) வேகமாக விழுந்துவிடும், குருதியோட்டத்தின் இழுப்போ மிக வலிது. தோலை ஒட்டிய இடங்களுக்கு அது பொருந்தலாம்.

கடைசியாக, நீங்கள் ஏற்கெனவே உலர்த்தி வைத்திருக்கும் தூளைப் பற்றி. அதை வீணாக்க வேண்டாம். நன்கு அரைத்து, கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் சோடியம் ஆல்ஜினேட்டின் 2 சதவீதக் கரைசலில் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்திலேயே மிளகு போன்ற கரிய உருண்டையாக இறுகும். காந்தத்தைக் காட்டினால் எல்லாம் ஒரு பக்கமாக உருண்டு வரும். இதற்குத் துகள் தனித்தனியாக நிற்க வேண்டிய தேவையில்லை என்பதால் கட்டியான தூளே போதும். சாயங்களையும் ஈய அயனிகளையும் நீரிலிருந்து நீக்கிப் பார்க்க இது நல்ல தொடக்கம். தூளை அரைக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். பாஸ்பேட் அல்லது சிட்ரேட் உள்ள கரைசலில் மட்டும் இந்த உருண்டைகளை இடாதீர்கள். அவை கால்சியத்தைப் பறித்துக்கொள்ள, உருண்டை கூழாகிக் கரைந்துவிடும்.