காவலர் நின்றால் திருட்டு இடம் மாறுமா?

கேள்வி: தெருமுனையில் காவலரை நிறுத்தினால் திருட்டு குறைகிறதா, அல்லது திருடர் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறாரா?

பதில்: திருட்டு மிகுந்த இடத்துக்கே காவலரை அனுப்புவது வழக்கமாதலால், வெறும் கணக்கைப் பார்த்தால் காவலர் உள்ள இடத்தில்தான் திருட்டு அதிகம் என்று தோன்றும். இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு துயரச் சம்பவம் உதவியது. அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் 1994 ஜூலை 18 அன்று யூத சமூக மையம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு 85 பேர் இறந்தபின், யூத நிறுவனங்களுக்கு இரவு பகலாகக் காவல் போடப்பட்டது. அந்தக் காவல் திருட்டைத் தடுப்பதற்காக வந்ததல்ல என்பதே இங்கு முக்கியம். பொருளியலாளர்கள் ரஃபேல் டி டெல்லா, எர்னஸ்டோ ஷார்க்ரோட்ஸ்கி இருவரும் மூன்று வட்டாரங்களின் கார் திருட்டுகளை ஆராய்ந்து, 2004இல் வெளியிட்ட கட்டுரையில், காவலர் நின்ற தெருப்பகுதிகளில் திருட்டு சுமார் 75 விழுக்காடு குறைந்ததாகவும், ஓரிரு தெரு தள்ளிப் பெரிய மாற்றம் இல்லை என்றும் காட்டினர். அதாவது, காவலரின் நிழல் அவர் நிற்கும் தெருவைத் தாண்டவில்லை! ஆனால் அதே தரவுகளைப் பின்னர் மறுஆய்வு செய்தவர்கள், திருட்டின் ஒரு பகுதி இடம் மாறியிருக்கலாம் என்று வாதிட்டனர்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 2016இல் 1,919 தெருத்துண்டுகளைத் தெரிவுசெய்து, குலுக்கல் முறையில் அவற்றுள் சிலவற்றில் மட்டும் ரோந்தைக் கூட்டிய சோதனையிலும், சொத்துக் குற்றங்கள் அக்கம்பக்கத் தெருக்களுக்கு நகர்ந்த அறிகுறியே தெரிந்தது. பணத்துக்காகத் திருடுபவர் வேறு இடம் தேடுவதில் வியப்பில்லை; ஆத்திரத்தில் நிகழும் வன்முறை அவ்வாறு எளிதில் இடம் பெயர்வதில்லை.