அறச்சிக்கலில் மாட்டிய பாத்திரத்தின் மேல் கதை எப்படிப் பரிவை உண்டாக்குகிறது? வகுப்பில் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

விளக்கிச் சொன்னால் ஏறாது. கதையைப் பாதியில் நிறுத்திக் காட்டுங்கள். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ (1966) இதற்கு வாகான கதை. பாலியல் அத்துமீறல் வருவதால் கல்லூரி வகுப்புக்கே பொருந்தும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மழையில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறிய மாணவி, வீடு திரும்பி நடந்ததை அம்மாவிடம் சொல்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்.

ஐந்து நிமிடம், பத்து வரி. அம்மாவின் குரலில், ‘நான்’ என்று எழுதட்டும். அவள் எதைச் செய்தாலும் எதையோ இழப்பாள். அது என்ன என்பதும் வர வேண்டும். பிறகு மிச்சத்தைப் படியுங்கள். அவள் முதலில் ஆத்திரத்தில் அலறுகிறாள், அக்கம்பக்கத்தாரிடம் சமாளிக்கிறாள், கடைசியில் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, ‘நீ சுத்தமாகிவிட்டாய்’ என்று அவளை ஏற்றுக்கொள்கிறாள். அலறலுக்கும் தண்ணீருக்கும் நடுவே அவள் தடுமாறும் அந்தக் கொஞ்ச நேரம்தான் பாடம். அதே அம்மா வாயை அடக்காமல் ஊரறியச் செய்திருந்தால்? ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை ஜெயகாந்தனே அங்கிருந்துதான் தொடங்கினார்.

பெரும்பாலும் சொதப்புவது கேள்வியில்தான். “அம்மா செய்தது சரியா தப்பா?” என்று ஆரம்பித்தால் வகுப்பு பட்டிமன்றம் ஆகிவிடும். “நீங்களாக இருந்தால்?” என்பதும் ஆபத்து; மாணவர் தன் வீட்டையும் தன் காலத்தையும் கொண்டுவந்து வைப்பார், அந்த அம்மா காணாமல் போவாள். “இவளுக்கு என்ன தெரியும்? யாருக்குப் பயப்படுகிறாள்?” என்று கேளுங்கள். கடைசியில் அவள் முடிவை ஏற்காத மாணவருக்கும் முழு மதிப்பெண் உண்டு. அவளைப் புரிந்திருந்தால் போதும்.