காரம் உடம்புக்கு நல்லதா? கேள்வி பதில்

கேள்வி: தினமும் காரம் சாப்பிட்டால் ஆயுள் கூடுமாமே, உண்மையா சார்?

2015-ல் வெளியான சீன ஆய்வு ஒன்றை வைத்துத்தான் இந்தப் பேச்சு. சுமார் 5 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வாரம் 6-7 நாள் காரம் சாப்பிட்டவர்களிடம் இறப்பு, வாரம் ஒரு தடவைகூடச் சாப்பிடாதவர்களைவிட 14 சதவீதம் குறைவு. ஆனால் அதற்குக் காரம்தான் காரணமா, அவர்களுடைய மற்ற பழக்கங்களா என்று இந்த மாதிரி ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஊறுகாயை அள்ளிப் போட்டுக்கொள்ள இதைச் சாக்காக்க வேண்டாம். அதில் உப்புதான் பெரிய பிரச்சினை.

கேள்வி: எனக்கு அல்சர். மிளகாயால்தான் வந்தது என்று அம்மா சொல்கிறார்.

பெரும்பாலான அல்சருக்குக் காரணம் இரண்டு: ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி, அடிக்கடி போடும் வலி மாத்திரைகள் (டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின்). மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. இருக்கிற புண்ணில் எரிச்சலைக் கூட்டும். அதனால் புண் ஆறும்வரை காரத்தைக் குறைப்பது சரி, காரத்தை நிறுத்திவிட்டு மருத்துவத்தைத் தள்ளிப்போடுவது தவறு. கிருமி இருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை அல்லது எண்டோஸ்கோபியில் பார்க்கலாம். ஒமெப்ரசோல், பேன்டோப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே மூச்சு, மலப் பரிசோதனை செய்தால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரலாம். எனவே டாக்டரைக் கேட்டு 2 வாரம் முன்பே நிறுத்துங்கள். ஆன்டிபயாடிக் என்றால் 4 வாரம். மலம் தார்போலக் கறுத்துப் போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: ராத்திரி பரோட்டா சால்னா சாப்பிட்டால் நெஞ்சு எரிகிறது. காரத்தைக் குறைத்தால் போதுமா?

போதாது. எண்ணெயும் கொழுப்பும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். அந்த வயிற்றோடு படுத்தால் அமிலம் மேலேறும். காரம் அதை இன்னும் உறைக்க வைக்கும். சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. கட்டை வையுங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும்.

கேள்வி: மிளகாய் நறுக்கிய கை எரிகிறது, தண்ணீரில் கழுவியும் போகவில்லை.

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு. வாய்க்குத் தயிரோ பாலோ நல்லது. நரம்பில் சூட்டை உணரும் உணர்வாங்கியைத்தான் (receptor) கேப்சைசின் தூண்டுகிறது. அதைக் கண்டறிந்ததற்காக அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்னொன்று: காரம் அதிகம் இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில். அதைக் கீறி எடுத்தால் காரம் நன்றாகக் குறையும்.

கேள்வி: காரம் சாப்பிட்டால் உடம்பு இளைக்குமா?

கொஞ்சம் கலோரி கூடுதலாக எரியும். தராசில் தெரியும் அளவுக்கு இல்லை.

கேள்வி: மஞ்சள் பாலில் மிளகு போட்டால் 20 மடங்கு பலனாமே?

இந்தப் பேச்சுக்குக் காரணமான ஆய்வில் கொடுத்தது மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் 2 கிராமும், மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மி.கி.யும். ரத்தத்தில் சேர்ந்த குர்குமின்தான் 20 மடங்கு. நோய் 20 மடங்கு குணமாகவில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம்தான், ஆக 2 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் தூள் வேண்டும்! சமையலில் போடும் மிளகு பரவாயில்லை. பைப்பரின் கேப்சூல் வேறு விஷயம்: வலிப்புக்கான ஃபெனிடாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும். இவற்றைச் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.