கையெழுத்து அப்பாவுடையது – கடிதம்

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. இலக்கியம் பற்றிய கடிதம் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். போன வருடக் கடைசியில் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. அப்போதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. கீமோ கொடுத்தார்கள். சமீபத்தில் எடுத்த ஸ்கேனில் கட்டிகள் வளர்ந்திருக்கின்றன. புற்றுநோய் என்பது மட்டும்தான் அப்பாவுக்குத் தெரியும். பரவியதும் தெரியாது, கீமோ கேட்கவில்லை என்பதும் தெரியாது. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. டாக்டர் பேசுவதை நான்தான் தமிழில் சொல்கிறேன். டாக்டர் ஐந்து நிமிடம் பேசி நிறுத்துவார். அப்பா என் முகத்தைப் பார்ப்பார். “மருந்து வேலை செய்யுதாம்ப்பா, கொஞ்சம் மெதுவா செய்யுதாம்” என்பேன். தலையாட்டிக்கொள்வார். டாக்டருக்கும் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், அவ்வளவு நேரம் பேசியதற்கு ஒரு வரியா என்று.

போன முறை அவர், வைரஸைக் கொண்டு புற்றைத் தாக்கும் முதல் கட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது, அப்பாவுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தஞ்சாவூரில் இருக்கும் சித்தப்பா மகன், தனக்குத்தானே வைரஸ் ஊசி போட்டுக் குணமான ஒரு விஞ்ஞானி பற்றிக் காணொளி அனுப்பினான். தம்பி ஒருபடி மேலே போய்விட்டான். வெளிநாட்டில் ஒரு மருத்துவமனை இந்தச் சிகிச்சையைப் பணத்துக்குக் கொடுக்கிறதாம். அப்பாவின் நாலறை வீட்டை விற்று மூவறைக்குப் போனால் சமாளிக்கலாம் என்கிறான். அம்மா நாள் தவறாமல் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகிறார். என் கணவர், “ரொம்ப நம்பிட்டு அப்புறம் உடைஞ்சு போகாதே” என்கிறார்.

நம்பலாமா, கூடாதா? யாராவது நேராகச் சொன்னால் போதும் என்றிருக்கிறது.

ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவன் இல்லை. இந்த விஷயத்தில் ஆர்வத்தால் வாசித்தவன், அவ்வளவுதான். அப்பாவின் உடல் பற்றி அவருடைய மருத்துவர் சொல்வதே கணக்கு. ஆனால் உங்கள் கடிதத்தில் மருத்துவம் பாதிதான்.

முதலில் அந்தக் காணொளி. இப்படி வரும் காணொளிகளில் பத்துக்கு ஒன்பதை நான் பார்க்காமலே அழித்துவிடுவேன். “மருத்துவ உலகம் மறைத்த உண்மை” என்று கரகரத்த குரலில் ஆரம்பித்தாலே கை தானாகப் போகும். ஆனால் இந்தச் சம்பவம் நடந்ததுதான். பெயாட்டா ஹலாஸி குரோவேஷியாவின் ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தில் வைரஸ் ஆய்வாளர். மார்பகத்தை எடுத்த இடத்திலேயே 2020ல் அவருக்குப் புற்று திரும்பியது. தன் ஆய்வுக்கூடத்தில் தானே தயாரித்த தட்டம்மை வைரஸையும், அடுத்து கால்நடைகளுக்கு வாய்ப்புண் நோய் தரும் ஒரு வைரஸையும் கட்டிக்குள் செலுத்திக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் கட்டி சுருங்கி, ஒட்டிக்கொண்டிருந்த தசையிலிருந்து விலகியது. 2024ல் கட்டுரை வெளியானபோது நோய் திரும்பாமல் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

காணொளி எங்கே நிறுத்துகிறது என்று பாருங்கள். சுருங்கிய கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். அதன்பின் ஒரு வருடம் வழக்கமான புற்று மருந்தும் எடுத்துக்கொண்டார். அவருடைய புற்றுநோய் மருத்துவர்கள் கூடவே இருந்து கவனித்தார்கள். கட்டியும் ஊசி எட்டும் இடத்தில், தோலை ஒட்டி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், வைரஸ் வளர்ப்பது அவருடைய தொழில். பத்துப் பன்னிரண்டு இதழ்களுக்கு மேல் அந்தக் கட்டுரையைப் போட மறுத்தன. இதைப் படித்துவிட்டு யாரோ கைமருந்துபோலச் செய்யப் போகிறார்கள் என்ற பயம்தான் காரணம். உங்கள் உறவினர் அனுப்பிய காணொளியைப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

இந்தச் சிகிச்சையின் அடிப்படை யோசனை எளிது. வைரஸ் நுழைந்தால் சாதாரண செல் உடனே குரல் கொடுத்து அக்கம்பக்கத்தை உஷார்ப்படுத்தும். புற்று செல்கள் பலவற்றில் அந்த ஏற்பாடு பழுதாகிக் கிடக்கும். காவல்காரன் தூங்கும் வீட்டில் திருடன் சாவகாசமாக உலவுவதுபோல, வைரஸ் அங்கே பெருகி செல்லை உடைத்துக்கொண்டு வெளியேறும். உடைந்த செல்லின் துணுக்குகளைப் பார்த்துத்தான் உடம்பின் நோய் எதிர்ப்புப் படை, இப்படி ஒரு எதிரி உள்ளேயே இருந்ததா என்று விழித்துக்கொள்ளும். இந்த இரண்டாவது வேலைதான் முக்கியம் என்று இப்போது பலரும் கருதுகிறார்கள்.

யோசனை பழையதும்கூட. ரத்தப்புற்று வந்த பெண்ணுக்கு ஃப்ளூ போன்ற காய்ச்சல் வந்தபின் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1904லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். உகாண்டாவில் கண்ணருகே கட்டியோடு இருந்த எட்டு வயதுச் சிறுவனுக்குத் தட்டம்மை கண்டது, கட்டி வற்றியது. 1971ல் அது மருத்துவ இதழில் வந்தது. நூறு வருடமாக இந்த ஆசை மருத்துவர்களை விடவில்லை. நூறு வருடமாக அது முழுசாகக் கைகூடவும் இல்லை.

கைகூடிய இடங்களும் உண்டு. வாய்ப்புண் தரும் ஹெர்பிஸ் வைரஸை மாற்றியமைத்துச் செய்த டி-வெக் என்ற மருந்துக்கு, மெலனோமா எனும் தோல் புற்றுக்காக, 2015ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில் 436 நோயாளிகள். வைரஸ் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 16.3 விழுக்காட்டினருக்குக் கட்டிகள் சுருங்கி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் அப்படியே நின்றன. ஒப்பிட்ட மருந்தில் அது 2.1 விழுக்காடு. எட்டு மடங்கு என்று செய்தித்தாள் எழுதும், தப்பில்லை. நூறில் எண்பத்துநான்கு பேருக்கு அப்படி நிற்கவில்லை என்பதும் அதே எண்தான். உள்ளுறுப்புகளுக்குப் பரவியிருந்தவர்களுக்குப் பலன் குறைவாகவே இருந்தது. ஜப்பான் 2021ல் மூளைக் கட்டிக்கு இன்னொரு ஹெர்பிஸ் வைரஸை நிபந்தனையோடு அனுமதித்தது. அதன் பின்னால் இருந்த ஆய்வில் நோயாளிகள் 19 பேர்தான்.

உங்கள் அப்பாவின் நோய்க்குப் பக்கத்தில் வருவோம். கல்லீரல் புற்றுக்கு, பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வைரஸை வைத்துப் பெரிய மூன்றாம் கட்ட ஆய்வு ஒன்று நடந்தது. அதற்கு முந்தைய ஆய்வு ஒன்றில் நல்ல முடிவுகள் வந்திருந்தன. 2019ல், பலன் தெரியவில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கணையம் இன்னும் கடினம். அங்கே கட்டியைச் சுற்றித் தழும்புபோல இறுகிய திசு வளர்ந்துவிடும். மருந்தே உள்ளே புகச் சிரமப்படும், வைரஸும் பரவ முடியாமல் நிற்கும். அதற்கு வழி தேடித்தான் ஆய்வுகள் நடக்கின்றன. முடியாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் குடும்பக் குழுவில் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

முதல் கட்ட ஆய்வு என்றால் என்ன என்பதும் அப்படித்தான். எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று கண்டுபிடிப்பதே அதன் வேலை. முதலில் சேரும் சிலருக்குக் குறைந்த அளவு, பக்கவிளைவைப் பார்த்துவிட்டு அடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கூட. குணமாக்கும் என்று அதில் யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. ஒருவருக்குப் பலன் கிடைத்தால் எல்லாருக்கும் சந்தோஷம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், எலும்பு மஜ்ஜைப் புற்று வந்த இரண்டு பெண்களுக்கு, ஒரு கோடிப் பேருக்குத் தடுப்பூசி போடக்கூடிய அளவு தட்டம்மை வைரஸை ஏற்றினார்கள். ஒருவருக்கு நோய் மறைந்தது, 2014ல் உலகமெங்கும் செய்தியானது. இன்னொருவரைப் பற்றி யார் பேசினார்கள்?

இப்போது உங்கள் கேள்வி. நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உங்களைக் கேட்பது வேறு. இதில் சேர ஒப்புக்கொள்ள வேண்டியவர் அப்பா. அவரிடம் எப்போது சொல்லப் போகிறீர்கள்?

சிங்கப்பூரில் இப்படி ஓர் ஆய்வு நடக்க வேண்டுமென்றால் சுகாதார அறிவியல் ஆணையமும் நெறிமுறைக் குழுவும் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் கறாராகக் கேட்பது சம்மதப் படிவம். பல பக்கம் இருக்கும். நோய் எந்த நிலையில் இருக்கிறது, வேறு என்ன சிகிச்சை பாக்கி இருக்கிறது, இது பரிசோதனைதான், பலன் இல்லாமல் போகலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவருக்கு அவர் மொழியில் விளக்கியாக வேண்டும், பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சை ஒரு வரியில் சொல்லும் வழக்கம் அந்த மேசையில் செல்லாது. தானே முடிவெடுக்கக்கூடிய மனிதருக்காக மகள் கையெழுத்துப் போடவும் முடியாது.

நீங்கள் மறைத்ததைக் குறை சொல்லவில்லை. நம் வீடுகளில் இது நூறு தடவை பார்த்ததுதான். “தெரிஞ்சா மனசு விட்டுடுவார்” என்பார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த மனிதர், உங்கள் முகத்தைப் பார்ப்பவர், இத்தனை மாதத்தில் ஒன்றுமே யூகித்திருக்க மாட்டாரா? பல அப்பாக்கள் பிள்ளைகளுக்காகத் தெரியாததுபோல இருப்பார்கள். அவர் அந்த வகையா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

தம்பியின் யோசனைக்கு வருகிறேன். லாட்வியாவில் ரிக்விர் என்று ஒரு வைரஸ் மருந்து 2004ல் பதிவானது. வெளிநாட்டிலிருந்து நோயாளிகள் பணம் திரட்டிக்கொண்டு போனார்கள். 2019ல் பரிசோதித்தபோது, குப்பியில் இருக்க வேண்டிய அளவு வைரஸ் இல்லை என்று தெரிந்து அதன் விநியோகத்தை அங்கேயே நிறுத்தினார்கள். தம்பி சொல்லும் இடமும் அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முறையான ஆய்வில் பரிசோதனை மருந்துக்குப் பொதுவாக நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. நிரூபிக்கப்படாத ஒன்றுக்கு ஒரு வீட்டின் விலை கேட்டால் அவர்கள் விற்பது என்ன என்று கேட்க வேண்டும். 2022 செப்டம்பர் முதல் நம் அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப்கூட, வெளிநோயாளிப் புற்று மருந்துகளில் அங்கீகரித்த பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான் கொடுக்கிறது. அதைக் கொடுமை என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு பாதுகாப்பும் தெரிகிறது. வீடு அப்பாவுடையது, அம்மா அதற்குப் பிறகும் வாழ வேண்டும். தம்பி அதிலும் அப்பாவைக் கேட்கவில்லை என்றே தோன்றுகிறது.

உங்கள் கணவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. நம்பிக்கையை அளவாக ஊற்றிக் குடிக்க யாராலும் முடியாது. அம்மா கோயிலுக்குப் போகட்டும், நீங்களும் போங்கள். எதற்காக வேண்டுகிறீர்கள் என்பதை அப்பாவும் சொல்லட்டும். ஆய்வில் சேர்ந்து பார்க்கிறேன் என்பாரோ, வலி இல்லாமல் இருந்தால் போதும், ஊருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்பாரோ. இரண்டாவதைச் சொன்னால், அது தோற்றுப்போனவர் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வில் சேர்ந்தால் வாரத்தில் சில நாள் மருத்துவமனை, அடிக்கடி ரத்தம் எடுப்பது, சில சமயம் கட்டியிலிருந்து சதை எடுப்பது என்று நாட்கள் போகும். இருக்கும் நாட்களை எதற்குச் செலவழிப்பது என்பது அவருடைய கணக்கு.

அடுத்த சந்திப்பில் மொழிபெயர்க்கும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். மருத்துவ சமூக ஊழியரை முன்கூட்டியே அழைத்து, தமிழ் பேசும் தாதியோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு முந்தின நாளே வீட்டில், “அப்பா, டாக்டர் சொன்னது எல்லாத்தையும் நான் சொல்லலை, எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?” என்று மட்டும் கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்று அவரே சொன்னால் அதுவும் பதில்தான். அப்படியானால் ஆய்வு பற்றிய பேச்சு அங்கேயே முடிகிறது.

தெரிந்துகொள்கிறேன் என்றால், டாக்டரிடம் கேட்க வேண்டியவை சில. இதே ஆய்வில் இதுவரை எத்தனை பேர் சேர்ந்தார்கள், கணையப் புற்று உள்ளவர்கள் யாராவது உண்டா, வைரஸை எங்கே செலுத்துவார்கள், அப்பாவின் கல்லீரல் தாங்குமா, சேராவிட்டால் வேறு என்ன இருக்கிறது. வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், வைரஸ் சிகிச்சையில் சில நாள் விலகியிருக்கச் சொல்வதுண்டு. சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வலி தணிக்கும் குழுவை இப்போதே பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அது கடைசி நாளுக்கு என்று நம்மவர்கள் தள்ளிப்போடுகிறார்கள், சிகிச்சையோடு கூடவே நடக்கக்கூடியது அது.

இதைத் தம்பிக்கு அனுப்புங்கள். கோபம் வந்தால் எனக்கே எழுதட்டும். அப்பா என்ன சொன்னார் என்று முடிந்தால் ஒரு வரி எழுதுங்கள், அதைத் தளத்தில் போட மாட்டேன்.

அன்புடன்